இளைஞர் நீச்சற் பந்தயங்கள்

விளையாட்டுச் செய்திகளுள் நீச்சலுக்கு நாம் அளிக்கும் இடம் மிகச் சிறியது. கிரிக்கெட்டையும் ஹாக்கியையும் பற்றிக் கேட்டு முடித்த பிறகு, எங்கோ ஒரு நாட்டில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி உலக இளைஞர் நீச்சற் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றாள் என்று கடைசி வரியாகக் கேட்கிறோம். இத்துணை இளம் வயதிலா என்று வியக்கிறோம். மறுநாளே மறந்தும் விடுகிறோம். அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது நிரம்பும்போது அவள் எங்கே இருக்கிறாள் என்று நாம் கேட்பதே இல்லை. நேயர்களே, இன்று நாம் கேட்க விரும்புவது அந்தக் கேள்வியைத்தான்.

உலக நீச்சற் சம்மேளனம் 1908ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் நிறுவப்பெற்றது. ஒலிம்பிக் பந்தயங்கள் நீங்கலாக, உலக நீச்சல் சாம்பியன்ஷிப் என்னும் தனி விழா 1973இல்தான் பெல்கிரேடு நகரில் தொடங்கிற்று. இளைஞர்களுக்கென்று தனியே ஓர் உலகப் போட்டி வேண்டும் என்னும் எண்ணம் செயலாவதற்கு மேலும் முப்பத்துமூன்று ஆண்டுகள் கழிந்தன. 2006இல் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜனீரோ நகரில் முதல் உலக இளைஞர் நீச்சல் சாம்பியன்ஷிப் நடைபெற்றது. அடுத்து 2008இல் மெக்சிகோவின் மான்டெரேயிலும், 2011இல் பெரு நாட்டின் தலைநகராகிய லிமாவிலும் நிகழ்ந்தது. பின்னர் துபாய், சிங்கப்பூர், இண்டியானாபொலிஸ், புடாபெஸ்ட் என்று ஈராண்டுக்கு ஒருமுறை ஊர்தோறும் சென்ற அந்த விழா, பெருந்தொற்றினால் சற்றே தடைப்பட்டு, 2022இல் மீண்டும் லிமாவில் கூடியது. 2023இல் இஸ்ரேலின் நெதன்யாவிலும், 2025இல் ருமேனியாவின் ஒடோபெனியிலும் நடந்தேறியது.

தொடக்கத்தில் இப்போட்டிக்கு வகுத்த வயது வரம்பு கருதத்தக்கது. ஆண்களுக்கு 15 முதல் 18 வரை. பெண்களுக்கு 14 முதல் 17 வரை. பெண்கள் முன்னதாகவே உடல் முதிர்ச்சி அடைகிறார்கள் என்னும் உண்மை இந்த வரம்பில் அடங்கியிருக்கிறது. வயது என்பது பள்ளிப் பதிவேட்டில் காணும் எண் மட்டும் அன்று. உடலுக்கும் தனியே ஒரு வயது உண்டு. இதனைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

இப்போது பந்தயம் நிகழும் முறையைச் சிறிது காண்போம். குளத்தின் நீளம் ஐம்பது மீட்டர். காலையில் தகுதிச் சுற்றுகள் நடைபெறும். மாலையில் இறுதிச் சுற்று. இறுதிச் சுற்றுக்கு எண்மர் தேர்ந்தெடுக்கப்படுவர். முந்திய சுற்றில் மிகக் குறைந்த நேரத்தில் நீந்தியவருக்கு நான்காம் தடமும், அடுத்தவருக்கு ஐந்தாம் தடமும் தரப்படும். ஆற்றல் மிக்கோர் நடுவிலும் மற்றவர் இரு மருங்கிலுமாக நிற்பதால், பந்தயம் சீராக நடந்தால் நீரின்மேல் அம்பின் முனைபோல ஒரு வடிவம் தோன்றும். சுவரில் பதித்த மின்தகட்டை நீந்துபவர் கையால் தொட்ட கணத்தில் கடிகாரம் நின்றுவிடும். அந்தக் கடிகாரம் விநாடியின் நூற்றில் ஒரு பங்கு வரை கணக்கிடும்.

ஏன் நூற்றில் ஒரு பங்கு? அதனினும் நுட்பமாகக் கணக்கிட இயலாதா? இயலும், ஒரு முறை செய்தும் பார்த்தார்கள். 1972இல் மூனிச் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் கலப்பு நீச்சலில் ஸ்வீடன் நாட்டுக் குன்னர் லார்சனும் அமெரிக்க நாட்டு டிம் மக்கீயும் நூற்றில் ஒரு பங்கு வரை ஒரே நேரத்தில் சுவரைத் தொட்டனர். கடிகாரத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கைப் பார்த்தபோது லார்சன் ஒரு விநாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு முந்தியிருந்தார். தங்கம் அவருக்கே அளிக்கப்பட்டது. ஆனால் அந்த நேரத்தில் ஒருவர் கடக்கும் தூரம் எவ்வளவு? ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர்! குளம் கட்டிய கொத்தனாரின் பூச்சில் ஏற்படும் வேறுபாடே அதைவிட மிகுதியாக இருக்கக்கூடும். ஒரு தடத்தின் சுவர் மற்றொன்றினும் மயிரிழை தள்ளி நிற்குமாயின், வென்றவர் யார்? இதனை எண்ணிப் பார்த்த பெரியோர், இனி நூற்றில் ஒரு பங்கோடு நிறுத்துவோம், அதற்குமேல் சமம் என்றால் சமமே என்று விதி செய்தனர். 2016இல் ரியோ ஒலிம்பிக்கின் பெண்கள் 100 மீட்டர் பந்தயத்தில் அமெரிக்காவின் சிமோன் மானுவலும் கனடாவின் பதினாறு வயதுப் பென்னி ஒலெக்சியாக்கும் 52.70 விநாடியில் ஒருசேரத் தொட்டபோது, இருவருக்கும் தங்கமே அளிக்கப்பட்டது.

அளவுகோலுக்கும் ஓர் எல்லை உண்டு என்று ஒப்புக்கொள்ளும் அந்த விதியை நாம் பெரிதும் மதிக்கிறோம். கடிகாரம் பொய் சொல்வதில்லை. ஆயினும் தன்னால் சொல்ல இயலாததைச் சொல்லாமல் நிறுத்திக்கொள்கிறது. இளைஞர் போட்டிகளின் முடிவைப் படிக்கும் நமக்கும் அந்த அடக்கம் வேண்டும். பதினேழு வயதில் ஒருவர் எவ்வளவு விரைவாக நீந்தினார் என்பதைக் கடிகாரம் சொல்லும். இருபத்துமூன்று வயதில் அவர் என்ன ஆவார் என்பதை அது சொல்லாது.

சில வேளைகளில் பாதை நேராகவே செல்வதுண்டு. 2015இல் சிங்கப்பூரில் நடந்த இளைஞர் சாம்பியன்ஷிப்பில் ஆஸ்திரேலியாவின் கைல் சால்மர்ஸ் 100 மீட்டர் நீச்சலில் வென்றார். அடுத்த ஆண்டே ரியோ ஒலிம்பிக்கில், பதினெட்டு வயதில், அதே தூரத்தில் தங்கம் பெற்றார். இதைக் கேட்கும்போது இளைஞர் போட்டியே ஒலிம்பிக்கின் வாயில் என்று நமக்குத் தோன்றும்.

ஆனால் ருமேனியாவின் டேவிட் பொப்போவிச்சியின் கதை வேறு. 2022 ஆகஸ்டில், பதினேழு வயதில், ரோமாபுரியில் 100 மீட்டரை 46.86 விநாடியில் நீந்தி, பதின்மூன்று ஆண்டுகளாக நின்ற உலகச் சாதனையை முறியடித்தார். சில நாட்களுக்குப்பின் லிமாவில் இளைஞர் சாம்பியன்ஷிப்பிலும் வென்றார். இனி இவரை வெல்வார் எவரும் இலர் என்று உலகம் பேசிற்று. மறு ஆண்டு ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் அவருக்கு ஒரு பதக்கமும் கிட்டவில்லை. 200 மீட்டரில் நான்காம் இடம், 100 மீட்டரில் ஆறாம் இடம். அவ்வேளை அவருக்கு வயது பதினெட்டு. அவர் குளத்தை விட்டு விலகவில்லை. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டரில் தங்கமும் 100 மீட்டரில் வெண்கலமும் பெற்றார். பதினெட்டு வயதில் 'முடிந்தது' என்று யாரேனும் கணக்கெழுதியிருந்தால், அந்தக் கணக்குப் பிழையாகியிருக்கும்.

ஜப்பான் நாட்டு ரிகாகோ இக்கேயின் கதை நெஞ்சை உருக்குவது. 2017இல் இண்டியானாபொலிஸ் இளைஞர் போட்டியில் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் தங்கம் பெற்ற அவர், மறு ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் ஆறு தங்கமும் இரண்டு வெள்ளியும் வென்றார். 2019 பிப்ரவரியில், பதினெட்டு வயதில், அவருக்கு இரத்தப் புற்றுநோய் என்று கண்டறியப்பட்டது. ஏறக்குறைய பத்து மாதம் மருத்துவமனையில் கிடந்தார். 2021இல் தம் நாட்டுத் தேர்வுப் பந்தயத்தில் மீண்டும் வென்று, டோக்கியோ ஒலிம்பிக்கில் தொடர் நீச்சல் அணியில் நீந்தினார். அங்கே அவருக்குப் பதக்கம் இல்லை. ஆயினும் அவர் குளத்தில் இறங்கிய அந்தக் கணத்தைப் பதக்கப் பட்டியலில் எவ்வாறு எழுதுவது?

இளமையிலேயே சிகரம் தொடுவோர் இலர் என்று நாம் கூறவில்லை. பாரிஸில் கனடாவின் சம்மர் மெக்கின்டாஷ் பதினேழு வயதில் மூன்று தங்கம் வென்றார். ஆனால் அதே பாரிஸில், அதே குளத்தில், ஸ்வீடனின் சாரா ஷோஸ்ட்ரோம் தம் முப்பதாவது வயதில் 50 மீட்டரிலும் 100 மீட்டரிலும் தங்கம் பெற்றார். இவர் 2009இல் பதினைந்து வயதில் உலகச் சாம்பியன் ஆனவர். அமெரிக்காவின் ஆண்டனி எர்வின் 2000இல் பத்தொன்பது வயதில் வென்ற 50 மீட்டர் ஒலிம்பிக் தங்கத்தைப் பதினாறு ஆண்டுகள் கழித்து முப்பத்தைந்து வயதில் மீண்டும் வென்றார். நீர் எவருக்கும் வயது வரம்பு விதிப்பதில்லை, விதிப்பவர் நாமே.

உடலுக்குத் தனியே ஒரு வயது உண்டு என்று முன்னர்க் கூறினோம். இளைஞர் போட்டிகளில் அந்த ஆண்டின் டிசம்பர் 31ஆம் நாளில் ஒருவருக்கு எத்தனை வயது என்பதைக் கொண்டே பிரிவு முடிவு செய்யப்படுகிறது. ஆகவே ஜனவரியில் பிறந்த சிறுவனும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்த சிறுவனும் ஒரே பிரிவில் நிற்பர். இருவருக்கும் இடையே பதினோரு மாத வளர்ச்சி வேறுபாடு உண்டு. பதினைந்து வயதில் பதினோரு மாதம் என்பது தோளின் அகலத்திலும் கையின் நீளத்திலும் காணத்தக்க வேறுபாடு. இதன்மேல், முன்னதாக வளர்வோர், பின்னதாக வளர்வோர் என்னும் இயற்கை வேற்றுமையும் உண்டு. முன்னதாக வளர்ந்தவன் இன்று வெல்கிறான். பின்னதாக வளர்பவன் தோற்றுக்கொண்டே தன் முறையைச் செம்மைப்படுத்துகிறான். பெண்களுக்கோ பதினைந்து, பதினாறு வயதில் உடலின் எடையும் வடிவும் மாறும்போது, எவ்வளவு உழைத்தாலும் ஓரிரு ஆண்டு நேரம் குறையாமல் நின்றுவிடுவது உண்டு. உடல் தன் புதிய அளவைக் கற்றுக்கொள்ளும் காலம் அது. அந்தக் காலத்தில்தான் பலர் மனம் உடைந்து விலகுகின்றனர். இனி இவளுக்கு முன்னேற்றம் இல்லை என்று பயிற்சியாளரும் பெற்றோரும் எண்ணிவிடுகின்றனர்.

பதினெட்டு முடிந்தால் இளைஞர் பிரிவின் கதவு மூடப்படுகிறது. அடுத்த நாளே அந்த இளைஞர் உலகத்தின் முதிர்ந்த வீரர்களோடு ஒரே தடத்தில் நிற்க வேண்டும். நேற்றுவரை இறுதிச் சுற்றில் நின்றவர் இன்று காலைச் சுற்றிலேயே வெளியேறுகிறார். அதே வேளையில் பல்கலைக்கழகப் படிப்பு, ஊர் மாற்றம், பிழைப்புக்கு வழி தேடுதல் ஆகிய யாவும் ஒருங்கே வந்து சேருகின்றன. ஒரு படிக்கும் மறு படிக்கும் இடையே ஆள் உயரத்துக்கு இடைவெளி இருக்குமாயின், ஏறுபவரைக் குறைகூறுவது முறையாகாது. இடையில் ஒரு படி அமைப்பதே முறை.

ஐரோப்பிய நீச்சற் சம்மேளனம் அத்தகைய படி ஒன்றை அமைத்தது. 2023 ஆகஸ்டில் அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில், இருபத்துமூன்று வயதுக்கு உட்பட்டோருக்கான முதல் ஐரோப்பிய நீச்சல் சாம்பியன்ஷிப் நடைபெற்றது. இரண்டாவது போட்டி 2025 ஜூனில் ஸ்லோவாக்கியாவின் ஷமோரின் என்னும் சிற்றூரில் நிகழ்ந்தது.

டப்ளின் குளத்தில் நீந்தியவர்களுள் ஒருவர் டேனியல் விஃபன். அயர்லாந்துக்காக நீந்திய இவர் அப்போது இருபத்திரண்டு வயதினர், பல்கலைக்கழக மாணவர். சில வாரங்களுக்கு முன்புதான் ஃபுகுவோகா உலகச் சாம்பியன்ஷிப்பில் 800 மீட்டரிலும் 1500 மீட்டரிலும் நான்காம் இடத்தைப் பெற்றிருந்தார். நான்காம் இடம் என்பது கொடியது. உலகில் மூவரே தம்மினும் மேலானவர் என்று அறிந்தும் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். டப்ளினில் தம் நாட்டு மக்களின் ஆரவாரத்துக்கு நடுவே அவர் தங்கம் பெற்றார். 2024 பிப்ரவரியில் தோஹா நகரில் அதே இரு தூரங்களிலும் உலகச் சாம்பியன் ஆனார். அவ்வாண்டு ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டரை 7 நிமிடம் 38.19 விநாடியில் நீந்தித் தங்கம் வென்றார். ஒலிம்பிக் நீச்சலில் அயர்லாந்துக்குத் தங்கம் கொணர்ந்த முதல் ஆண்மகன் அவரே. டப்ளின் போட்டி நடந்திராவிட்டால் அவர் பாரிஸில் வென்றிருக்க மாட்டார் என்று சொல்லுதற்கில்லை. ஆயினும் இருபத்திரண்டு வயது என்பது வளரும் வயதே என்று ஒரு கண்டம் முழுவதும் ஒப்புக்கொண்ட ஆண்டில், அதற்குச் சான்றாக அவரே வந்து நின்றார்.

உலக முழுவதற்கும் பொதுவான இத்தகைய படி ஒன்று முன்பே உண்டு. அது பல்கலைக்கழகங்களின் உலக விளையாட்டு விழா. 1959இல் இத்தாலியின் டூரின் நகரில் தொடங்கிய அந்த விழாவில் நீச்சல் முதன்மையான பந்தயங்களுள் ஒன்று. 2023இல் சீனாவின் செங்டு நகரில் சாங் யூஃபெய் என்னும் பெண்மணி ஒருவரே ஒன்பது தங்கம் வென்றார். 2025இல் ஜெர்மனியில் நடந்த விழாவின் நீச்சற் பந்தயங்கள் பெர்லினில் நிகழ்ந்தன. படிப்பும் நீச்சலும் ஒன்றையொன்று கொல்லும் பகைவர் அல்ல என்பதற்கு அந்த விழாவே விளக்கம்.

இனி நம் நாட்டை நோக்குவோம். 1951இல் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டு விழாவில் 100 மீட்டர் நீச்சலில் சச்சின் நாக் தங்கம் வென்றார். ஆசிய விழாவின் நீச்சற் பந்தயங்களில் இந்தியா பெற்ற தங்கம் அது ஒன்றே. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்கு வங்காளத்திலிருந்து பதினொரு வயதுச் சிறுமி ஒருவரை அனுப்பினோம். அவர் பெயர் ஆரத்தி சாஹா. அங்கே அவருக்கு வெற்றி இல்லை. ஆனால் அவர் நீந்துவதை நிறுத்தவில்லை. 1959 ஆகஸ்டில் இங்கிலீஷ் கால்வாயைக் கடக்க முயன்று தோற்றார்; ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 29ஆம் நாள், மீண்டும் இறங்கி, பதினாறு மணிக்கு மேற்பட்ட நேரம் நீந்திக் கடந்தார். கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண்மணி என்னும் புகழ் அவரைச் சேர்ந்தபோது வயது பத்தொன்பது.

நம் காலத்து எடுத்துக்காட்டு சஜன் பிரகாஷ். கேரளத்தில் பிறந்து நெய்வேலியில் வளர்ந்தவர். அங்கேயே நீந்தக் கற்றவர். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் நீந்தினார். ஆனால் தகுதி நேரத்தை எட்டி அல்ல, எல்லா நாடுகளுக்கும் இடம் தரவேண்டும் என்னும் பொது ஒதுக்கீட்டில். பிறகு கழுத்தில் காயம் உற்றுப் பல மாதம் துன்புற்றார். 2021 ஜூனில் ரோமாபுரியில் 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை 1 நிமிடம் 56.38 விநாடியில் நீந்தினார். தகுதி நேரம் 1 நிமிடம் 56.48 விநாடி. அந்தப் பத்தில் ஒரு விநாடியால், ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி பெற்ற முதல் இந்திய நீச்சல் வீரர் ஆனார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. இந்நாட்டில் இருபத்தேழு வயதுவரை ஒருவர் நீச்சற்குளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு எத்துணை மன உறுதி வேண்டும் என்பதை நாம் நன்கு அறிவோம்.

அறிவோம் என்று ஏன் கூறுகிறோம்? நம் வீடுகளில் நடப்பதைப் பார்க்கிறோம் அல்லவா? எட்டு வயதில் குழந்தையை விடியற்காலையில் எழுப்பிக் குளத்துக்கு அழைத்துச் செல்கிறோம். மாவட்டப் பதக்கம், மாநிலப் பதக்கம் என்று கூடத்துச் சுவர் நிறைகிறது. பன்னிரண்டாம் வகுப்பு வந்ததும், 'போதும் அம்மா, இனிப் படிப்பைப் பார்' என்கிறோம். இதைச் சொல்லும் பெற்றோரை நாம் பழிக்கவில்லை. ஒரு தேர்வின் மதிப்பெண் ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தை முடிவு செய்யும் நாட்டில், வேறு என்ன சொல்வார்கள்? குறை அவர்களிடம் இல்லை. தேர்வு முடிந்த பிறகு அந்தப் பிள்ளை திரும்பி வருவதற்கு ஒரு கதவை நாம் திறந்து வைக்கவில்லை என்பதே குறை. ஓராண்டு விலகியவர் தம் நேரம் பின்தங்கிவிட்டதைக் காண்கிறார். இளைஞர் பிரிவில் வயது கடந்துவிட்டது. முதியோர் பிரிவில் இடம் கிட்டாது. ஈரத்துணியைக் கொடியில் போட்டுவிட்டு நின்றுவிடுகிறார்.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. 2020இல் புவனேசுவரத்தில் தொடங்கிய 'கேலோ இந்தியா' பல்கலைக்கழக விளையாட்டுகளில் நீச்சலும் இடம்பெற்றது. அது நல்ல தொடக்கம். மாநிலப் போட்டிகள்தோறும் இருபத்துமூன்று வயதுக்கு உட்பட்டோர் என்று ஒரு பிரிவு சேர்ப்பதற்குப் புதிய குளம் வெட்ட வேண்டா. குளம் இருக்கிறது, நடுவர் இருக்கின்றனர், கடிகாரமும் இருக்கிறது. குளம் உள்ள கல்லூரிகள் வகுப்புத் தொடங்குமுன் ஒரு மணி நேரமும் முடிந்தபின் ஒரு மணி நேரமும் அதனைத் திறந்து வைத்தல் போதும். பெற்றோர் செய்ய வேண்டுவதும் ஒன்று உண்டு. 'நிறுத்திவிடு' என்பதற்குப் பதிலாக, 'தேர்வு முடிந்ததும் மீண்டும் போ' என்று சொல்லலாம். இரண்டும் சிறு சொற்களே. ஆனால் கேட்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றல்ல.

இவர்கள் எல்லாரும் ஒலிம்பிக் செல்வரோ எனின், செல்லார். ஓராயிரம் பேரில் ஒருவர் செல்லலாம். மற்றவரால் நாட்டுக்கு என்ன பயன் என்று கேட்போருக்கு ஒரு செய்தி சொல்வோம். நம் நாட்டில் ஆண்டுதோறும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் நீரில் மூழ்கி மாள்வதாக அரசின் பதிவேடுகள் காட்டுகின்றன. கிணற்றிலும் குட்டையிலும் ஆற்றிலும் போகும் உயிர்கள் அவை; அவற்றுள் பல இளம் உயிர்கள். ஊருக்கு ஒருவர் முறையாக நீந்தத் தெரிந்தவராய், பிள்ளைகளுக்குக் கற்றுத்தரக் கூடியவராய் இருப்பின் இந்த எண்ணிக்கை குறையும். அந்த ஒருவர் யார்? பதினேழு வயதில் நாம் குளத்திலிருந்து வெளியேற்றிய அதே பிள்ளைதான்.

ஆகவே, அடுத்த முறை இளைஞர் நீச்சற் போட்டியின் செய்தி கடைசி வரியாக வரும்போது, வென்றவரின் வயதைக் கேட்டு வியப்பதோடு நாம் நின்றுவிட வேண்டா. எட்டாவதாகத் தொட்டவருக்கும் அதே வயதுதான் என்பதை நினைவில் கொள்வோம். நம் தெருவில் அந்த வயதுப் பிள்ளை ஒன்று இருக்குமாயின், இன்று நீந்தப் போனாயா என்று ஒரு முறை கேட்போம்.